கயிற்றை இழுப்பதற்கு முன்



ஒரு கேள்வியோடு ஆரம்பிப்போம். உங்கள் உயிரைப் பணயம் வைத்து ஒரு காரியத்தில் இறங்குகிறீர்கள். அது உங்கள் உயிர், முடிவும் உங்களுடையது. சரி. ஆனால் உங்கள் பின்னால் இன்னும் நாலு பேர் இறங்குகிறார்கள் என்று வையுங்கள். அப்போதும் அது உங்கள் ஒருவர் முடிவுதானா? 'அவங்களும் இஷ்டப்பட்டுத்தானே வந்தாங்க, நான் கட்டாயப்படுத்தலையே' என்று சொல்லிவிட்டால் நம் பொறுப்பு முடிந்துவிடுமா?

இதை வெறும் வாய்ப்பேச்சாகப் பேசினால் எங்கேயும் போய்ச் சேராது. அதனால் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நம் நாட்டிலேயே இருக்கிற ஒரு மலையிடுக்குக்குள் இறங்கிப் பார்ப்போம்.

கயிறு சொல்லும் பாடம்

பத்துமலைக்கு அந்தப் பக்கம் குவா டாமாய் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். இளைஞர்கள் ஹார்னஸ் மாட்டி, ஹெல்மெட் போட்டுக்கொண்டு சுண்ணாம்புப் பாறையில் ஏறுவார்கள், கயிற்றில் இறங்குவார்கள். இறங்கி முடித்தால் கீழே சமதரை. கொஞ்ச தூரம் நடந்தால் சாலை. பயந்தாலும் அது பத்து நிமிஷப் பயம்தான். முடித்துவிட்டு மாமாக் கடையில் ஒரு தே தாரேக் குடித்தால் பறந்துவிடும்.

ஆள் நடமாட்டமில்லாத மலையிடுக்கில் இறங்குவது வேறு. ஆறு நெடுங்காலமாகப் பாறையை அறுத்து அறுத்து உண்டாக்கிய குறுகலான பள்ளம் அது. இரண்டு பக்கமும் சுவர் மாதிரி பாறை. நடுவில் ஒரு நீர்வீழ்ச்சி, அதன் கீழே ஒரு குளம், அதைத் தாண்டினால் இன்னொரு நீர்வீழ்ச்சி. ஒவ்வொன்றிலும் கயிறு கட்டி இறங்க வேண்டும். தண்ணீர் தேய்த்துத் தேய்த்துப் பாறை கண்ணாடிபோல் வழுக்கும். கீழே இறங்கலாம், அதே வழியில் மேலே ஏறுவது பெரும்பாலும் நடக்காத காரியம்.

இதில் கயிற்றைப் பயன்படுத்தும் முறையைக் கொஞ்சம் கவனியுங்கள். மேலே ஒரு பெரிய மரத்திலோ பாறையில் அடித்த இரும்பு வளையத்திலோ கயிற்றை நுழைத்து இரண்டாக மடித்துத் தொங்கவிடுவார்கள். ஒவ்வொருவராக இறங்குவார்கள். கடைசி ஆளும் இறங்கியதும் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மறுமுனை மேலே போய், வளையத்தைத் தாண்டி, மொத்தக் கயிறும் சரசரவென்று கீழே விழும். அடுத்த நீர்வீழ்ச்சிக்கு அந்தக் கயிறு வேண்டுமே! எல்லா இடத்திலும் கயிற்றை விட்டுவிட்டுப் போனால் எத்தனை கயிறு சுமப்பது?

கயிறு விழுந்த அந்த நொடியோடு மேலே போகும் வழி மூடிவிடுகிறது. இனி ஒரே வழி கீழே. மழை வந்தாலும், காலில் அடிபட்டாலும், சாப்பாடு தீர்ந்தாலும் ஒரே வழிதான்.

இன்னொரு விஷயம். நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் நின்றால் வாய்ப்பேச்சு கேட்காது. கத்தினாலும் இரைச்சலில் கரைந்துவிடும். அதனால் இந்த விளையாட்டில் இருப்பவர்கள் விசில் சத்தத்தையும் கைச்சைகையையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள். ஒரு விசில் என்றால் என்ன, இரண்டு விசில் என்றால் என்ன என்று மேலே, அமைதியான இடத்தில், நின்று பேசி முடித்துவிட வேண்டும். ஆபத்து வந்த பிறகு உட்கார்ந்து விவாதிக்க அங்கே இடமும் கிடையாது, நேரமும் கிடையாது.

கினபாலு மலையின் மறுபக்கம்

சபாவில் இருக்கும் கினபாலு மலையை அறியாதவர் நம்மில் இல்லை. 4,095 மீட்டர் உயரம். ஒவ்வொரு வருஷமும் ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள். நம் பிள்ளைகளும் உச்சியில் நின்று கொடி பிடித்துப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அந்த உச்சிக்கு மறுபக்கத்தில் மலை திடீரென்று வெட்டுப்பட்டதுபோல் ஒரு பெரும் பள்ளமாக இறங்குகிறது. அதற்கு லோஸ் கல்லி என்று பெயர். 1851-இல் இந்த மலையில் ஏறிய ஹியூ லோ என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயரால் அழைக்கப்படுகிறது. சுமார் 1,800 மீட்டர் ஆழம் என்று சொல்வார்கள். மேலிருந்து பார்த்தால் பெரும்பாலும் மேகம்தான் தெரியும், அடி தெரியாது.

அந்த மலையடிவாரத்தில் வாழும் கடசான் டூசுன் மக்களுக்கு அது வெறும் மலை இல்லை. இறந்தவர்களின் ஆவி இளைப்பாறும் இடம் என்று அவர்கள் நம்புகிறார்கள். மலையில் கால் வைக்கும் முன் மலையிடம் அனுமதி கேட்கும் சடங்கும் அவர்களுக்கு உண்டு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1994-ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதியில் பிரிட்டிஷ் ராணுவத்தைச் சேர்ந்த 10 பேர் கொண்ட குழு ஒன்று இந்தப் பள்ளத்தில் இறங்கக் கிளம்பியது. மேலிருந்து கடைசி வரை யாரும் முழுமையாக இறங்கி முடிக்காத இடம் அது. தலைமை தாங்கியவர்கள் இரண்டு மூத்த அதிகாரிகள். ஐந்து பேர் நல்ல உடல்வலிமையும் மலை அனுபவமும் உள்ள பிரிட்டிஷ் வீரர்கள். மற்ற மூவர் ஹாங்காங்கைச் சேர்ந்த வீரர்கள், மலைக்கயிறு அவர்களுக்குப் பழக்கப்பட்டதில்லை.

என்ன நடந்தது? வேகமான ஐந்து பேர் முன்னால் போனார்கள். இரண்டு அதிகாரிகளும் மூன்று ஹாங்காங் வீரர்களும் பின்னால் வந்தார்கள். இடைவெளி கூடிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்க்க முடியாமல் பிரிந்துவிட்டன. முன்னால் போனவர்கள் பள்ளத்தைத் தாண்டி, காட்டைக் கிழித்துக்கொண்டு, காயத்தோடும் பசியோடும் ஒருவழியாக ஊர் வந்து சேர்ந்தார்கள். பின்னால் வந்த ஐந்து பேரும் முன்னேயும் போக முடியாமல், மேலேயும் ஏற முடியாமல், மழையிலும் வெள்ளத்திலும் பள்ளத்துக்குள் மாட்டிக்கொண்டார்கள். உணவு தீர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் மார்ச் 25-ஆம் தேதி நம் மலேசிய விமானப்படையின் ஹெலிகாப்டர் அவர்களைக் கண்டுபிடித்துத் தூக்கி வந்தது. பத்துப் பேரும் பிழைத்தார்கள். அது பெரிய பாக்கியம்.

பிறகு விசாரணை நடந்தது. தலைமையின் திட்டமிடலும் தீர்மானங்களும் குறை சொல்லப்பட்டன. இரண்டு தரப்பிலிருந்தும் புத்தகங்கள் வந்தன. படமும் எடுத்தார்கள். அதோடு செய்தி முடிந்தது, கேள்வி முடியவில்லை.

தப்பு யாருடையது?

இந்தக் கதையைக் கேட்ட உடனே நம் மனசு ஒரு குற்றவாளியைத் தேடும். நண்பர்கள் கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள், இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள்.

ஒரு கட்சி சொல்லும்: "முன்னால போன அஞ்சு பேரும் துரோகிங்க. கூட வந்தவனை விட்டுட்டுப் போறதா?" இன்னொரு கட்சி சொல்லும்: "அவங்க மட்டும் நின்னிருந்தா பத்துப் பேரும் உள்ளேயே மாட்டியிருப்பாங்க. அவங்க வெளியே வந்ததாலதான் தேட ஆரம்பிச்சாங்க. அவங்கதான் காப்பாத்தினாங்க."

இரண்டாவது வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. வலுவுள்ளவர் உதவி கேட்க வெளியே போவது, வலுவில்லாதவரைக் கைவிடுவதாகாது. வீட்டில் பாட்டி விழுந்துவிட்டால் ஒருவர் பக்கத்தில் இருப்பார், ஒருவர் ஓடிப்போய் ஆளைக் கூட்டி வருவார். ஓடிப்போனவரை யாரும் துரோகி என்று சொல்ல மாட்டோம்.

ஆனால் அங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. பாட்டி விஷயத்தில், 'நான் போய் ஆளைக் கூட்டிட்டு வரேன், நீ இங்கயே இரு' என்ற ஒரு வார்த்தை பேசப்படுகிறது. இருப்பவருக்குப் போனவர் எங்கே போனார் என்று தெரியும். எவ்வளவு நேரம் காத்திருக்கணும் என்றும் ஓரளவுக்குத் தெரியும். மலையிடுக்கில் அந்த வார்த்தையை நினைத்தபோது பேசிக்கொள்ள முடியாது. கண்ணுக்கு மறைந்த பிறகு யார் காத்திருக்க வேண்டும், எத்தனை நாள், அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பாறைக்கு நடுவில் நின்று முடிவு பண்ண வேண்டிய விஷயம் இல்லை.

இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். நாம் தப்பைத் தேடும் இடமே தப்பு. மாட்டிக்கொண்ட அந்த நாளில், பசியிலும் பயத்திலும் ஒருவர் எடுத்த முடிவை நாம் வீட்டில் சொகுசாக உட்கார்ந்துகொண்டு எடை போடுகிறோம். அந்த நாளில் நல்ல முடிவு என்று ஒன்று மிச்சமிருந்ததா என்பதே சந்தேகம். நின்றாலும் ஆபத்து, போனாலும் ஆபத்து. தர்மம் பேசப்பட வேண்டிய இடம் அதற்கு ரொம்ப முந்தியது. எல்லோரும் சிரித்துக்கொண்டு, தெம்பாக, மேலே நின்றுகொண்டிருந்த நேரம் அது. கயிறு இன்னும் வளையத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. திரும்பிப் போகும் வழி திறந்திருந்தது. அப்போது யாராவது அந்த மூன்று பேரையும் பார்த்து, 'இதை இழுத்துட்டா திரும்ப முடியாது. உங்களுக்குச் சம்மதமா? வேணாம்னா இப்பவே சொல்லுங்க, நாங்க ஒண்ணும் நினைக்க மாட்டோம்' என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, வரும் பதிலுக்குக் கட்டுப்படவும் வேண்டும்.

பொறுப்பு என்பது ஆபத்து நேரத்தில் பிறப்பதில்லை. அது அமைதியான நேரத்தில் பிறந்து, ஆபத்து நேரத்தில் வெளியே தெரிகிறது.

அபிமன்யு சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது

நமக்குத் தெரிந்த ஒரு கதையை இங்கே நினைத்துப் பாருங்கள். பதின்மூன்றாம் நாள் போர். துரோணர் சக்கர வியூகம் வகுக்கிறார். அர்ஜுனனை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வியூகத்தை உடைக்கத் தெரிந்தவன் அபிமன்யு ஒருவன்தான். தர்மர் அவனைக் கேட்கிறார். பையன் மறைக்கவில்லை. உள்ளே போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்கிறான். பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள்? நீ வழியைத் திற, நாங்கள் உன் பின்னாலேயே வந்துவிடுகிறோம் என்கிறார்கள்.

பொய் சொல்லவில்லை. மனசாரத்தான் சொன்னார்கள். பீமனும் மற்றவர்களும் பின்னாலேயே ஓடினார்கள். ஜயத்ரதன் குறுக்கே நின்றான், வழி மூடிக்கொண்டது, பையன் உள்ளே தனியாக நின்றான்.

இந்தக் கதையைக் கேட்கும்போது நாம் எல்லோரும் ஜயத்ரதனைத் திட்டுகிறோம். பலர் சேர்ந்து ஒரு பையனை அடித்ததைத் திட்டுகிறோம். திட்ட வேண்டியதுதான். ஆனால் தர்மர் தன்னைத்தானே நொந்துகொண்டு அழுதாரே, அது ஏன்? அவர் கெட்ட எண்ணத்தோடு அனுப்பவில்லை. தன் கையில் இல்லாத ஒன்றைத் தன் கையில் இருப்பதுபோல் வாக்குக் கொடுத்துவிட்டார். 'பின்னாலேயே வருவோம்' என்பது அவர் ஒருவர் முடிவில் நடக்கிற விஷயம் இல்லை, எதிரியும் அதில் ஒரு கை வைக்க முடியும். அது தெரிந்திருந்தும் அந்த வாக்கை நம்பி ஒரு பையன் உள்ளே போனான்.

மலையிடுக்கில் எதிரி வேண்டாம். மேலே எங்கேயோ பெய்யும் ஒரு மழை போதும். கினபாலுவில் காலையில் வானம் தெளிவாக இருக்கும், மதியத்துக்குள் மேகம் சூழ்ந்துவிடும். 'நாங்க பின்னாலயே வந்துடுவோம், நீங்க முன்னால போங்க' என்ற வாக்கை மழை ஒரு மணி நேரத்தில் உடைத்துவிடும்.

'அவங்களும் பெரியவங்கதானே?'

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். ராணுவ வீரர்கள் என்ன சின்னப் பிள்ளைகளா? வயது வந்தவர்கள். ஆபத்து தெரிந்துதான் வந்தார்கள். எல்லாரையும் கைப்பிடித்துக் கூட்டிப் போக முடியுமா?

இதற்குப் பதில் சொல்ல இன்னொரு மலையிடுக்கைப் பார்க்க வேண்டும். 1999-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் தேதி, சுவிட்சர்லாந்தில் இன்டர்லாக்கன் ஊருக்குப் பக்கத்தில் சாக்ஸெட்டன்பாக் என்ற ஓடையில் சுற்றுலாப் பயணிகள் வழிகாட்டிகளோடு இறங்கினார்கள். மேலே மலையில் இடிமழை. திடீர் வெள்ளம் மரக்கட்டைகளையும் கற்களையும் அடித்துக்கொண்டு அந்தக் குறுகலான வழியில் பாய்ந்தது. 21 பேர் இறந்தார்கள். அவர்களில் 18 பேர் பயணிகள், 3 பேர் வழிகாட்டிகள். பயணிகளில் பெரும்பாலோர் உங்கள் வயதை ஒத்த இளைஞர்கள்.

அவர்கள் காசு கொடுத்து, இஷ்டப்பட்டுத்தான் வந்தார்கள். ஆனால் 2001-இல் நீதிமன்றம், ஏற்பாடு செய்தவர்களில் பொறுப்பில் இருந்த ஆறு பேரைக் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. காரணம் நமக்குப் புரிகிறது. மலைமழையைப் பற்றி அறிந்தவர் ஒருவர், அறியாதவர் இன்னொருவர். அறியாதவர் சொல்லும் 'சரி'யும் அறிந்தவர் சொல்லும் 'சரி'யும் ஒரே எடை ஆகுமா?

சம்மதம் என்று ஒன்று உண்மையாக இருக்க வேண்டும் என்றால் மூன்று விஷயம் வேண்டும். என்ன ஆபத்து என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். 'வேண்டாம்' என்று சொன்னால் கேலிக்கோ தண்டனைக்கோ ஆளாக மாட்டார் என்ற நம்பிக்கை வேண்டும். சொன்னால் திரும்பிப் போக உண்மையிலேயே ஒரு வழி இருக்க வேண்டும். ராணுவத்தில் மேலதிகாரி முன்னால் நிற்கும் ஒரு சாதாரண வீரனுக்கு இரண்டாவது விஷயம் எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள். அவன் சொல்லும் 'யெஸ் சார்' சம்மதமா, பழக்கமா? நம் கூட்டத்திலும் அண்ணன் என்று மதிக்கும் ஒருவர் முன்னால், பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரு தம்பியால் 'எனக்குப் பயமா இருக்குண்ணே' என்று சொல்ல முடிகிறதா?

சொல்ல முடியாவிட்டால் அவன் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை கிடையாது.

அப்படியானால் வீட்டிலேயே இருந்துவிடலாமா?

இல்லை. அப்படி யாராவது இந்தக் கட்டுரையைப் படித்தால் வருத்தப்படுவேன். 1998-இல் மலேசியர்களும் பிரிட்டிஷ்காரர்களும் சேர்ந்த ஒரு குழு அதே லோஸ் கல்லியில் மேலிருந்து கீழே வரை முழுமையாக இறங்கி முடித்தது. நாலு வருஷத்துக்கு முன் மனிதரை விழுங்கப் பார்த்த அதே பள்ளம்தான். இடம் மாறவில்லை, மழை மாறவில்லை. மனிதன் தெரியாத இடத்தைப் போய்ப் பார்க்கணும் என்று ஆசைப்படுவது நல்ல ஆசை. அந்த ஆசை இல்லாவிட்டால் நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்திருப்பார்களா? வள்ளுவர் ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். தெரிந்து செயல்வகைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். இரண்டையும் எழுதியவர் ஒரே ஆள்தான்.

நான் கேட்பது வேறு. தைரியத்தை எதை வைத்து அளக்கிறோம்? முதலில் இறங்குபவனைத் தைரியசாலி என்கிறோம். மலையிடுக்குப் பழக்கமுள்ள குழுவில் கடைசியாக இறங்குபவரைப் பாருங்கள். அவர்தான் எல்லோரும் பத்திரமாக இறங்கிவிட்டார்களா என்று பார்ப்பார். கயிறு எங்கேயும் சிக்காமல் வருமா என்று கீழே இருப்பவர்களைக் கொஞ்சம் இழுத்துப் பார்க்கச் சொல்வார். அசையவில்லை என்றால் சரிசெய்துவிட்டுத்தான் தானே இறங்குவார். அவர் மேலே இருக்கும் வரைதான் எதையும் திருத்த முடியும் என்பது அவருக்குத் தெரியும். கைத்தட்டல் எல்லாம் முதல் ஆளுக்கு. எல்லோர் உயிரும் கடைசி ஆள் கையில்.

அதே கினபாலு இதற்கு இன்னொரு சாட்சியும் வைத்திருக்கிறது. 2015 ஜூன் 5-ஆம் தேதி நிலநடுக்கம் வந்து, பாறைகள் உருண்டு, 18 பேர் இறந்தார்கள். அவர்களில் சிங்கப்பூர்ப் பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களோடு போன மலை வழிகாட்டிகளும் இருந்தார்கள். மேலே நூற்றுக்கும் அதிகமானோர் மாட்டிக்கொண்டபோது, மாலிம் குனோங் என்று நாம் அழைக்கும் அந்த உள்ளூர் வழிகாட்டிகள் அவர்களை அழைத்துக்கொண்டு, உடைந்த பாதையில், கீழே வந்து சேர்த்தார்கள். அவர்கள் எல்லாரும் நம்மைவிட அந்த மலையில் வேகமாக ஓடக்கூடியவர்கள். தனியாக இறங்கியிருந்தால் சீக்கிரமாக வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர்கள் மெதுவாக நடப்பவரின் வேகத்தில் நடந்தார்கள். மலையிடம் அனுமதி கேட்கும் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். பக்கத்தில் நடப்பவரின் முகத்தைப் பார்த்துக் கேட்கவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் வீட்டுக் கயிறுகள்

'சரி அண்ணே, நாங்க யாரும் லோஸ் கல்லியில இறங்கப் போறதில்லையே' என்று நீங்கள் கேட்கலாம். இறங்க வேண்டாம். ஆனால் கயிற்றை இழுக்கும் நேரம் எல்லோர் வாழ்க்கையிலும் வருகிறது, மலையே இல்லாமல்.

கூட்டாளியின் மோட்டார் லோனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடும்போது அது நடக்கிறது. ஆலோங்கிடம் முதல் தடவை கடன் வாங்கும்போது நடக்கிறது. எஸ்.பி.எம். பரீட்சைக்கு முன்னாலேயே 'படிப்பு வேணாம், சேர்ந்து பிஸினஸ் பண்ணலாம் வாடா' என்று ஒருவன் இன்னொருவனைக் கூப்பிடும்போது நடக்கிறது. 'சும்மா பேருக்குத்தான், ஒண்ணும் செய்ய வேணாம்' என்று சொல்லி ஒரு பையனைக் கேங்கில் சேர்க்கும்போது கண்டிப்பாக நடக்கிறது. உள்ளே போக வழி காட்டுவதற்குப் பத்து அண்ணன்மார்கள் இருப்பார்கள். வெளியே வரும் வழியை யாரும் சொல்லித் தருவதில்லை. 'உனக்கு ஒண்ணுன்னா நாங்க பின்னாலயே வருவோம்' என்ற அதே பழைய வாக்கு அங்கேயும் கிடைக்கும்.

பின்னால் இழுத்துப் போகப்படுபவரா, முன்னால் கூட்டிப் போகிறவரா, நீங்கள் யார்? இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது.

கூட்டிப் போகிறவர் என்றால், முகாமோ மலையேற்றமோ தொழிலோ எதுவானாலும், கயிறு மேலே தொங்கும்போதே உட்கார்ந்து பேசுங்கள். எந்த இடத்துக்கு மேல் திரும்ப முடியாது என்பதை எல்லோருக்கும் விளங்கும் வார்த்தையில் சொல்லுங்கள். கூட்டத்திலேயே மெதுவானவர் யார், அனுபவம் குறைந்தவர் யார் என்று பார்த்து அவரிடம் தனியாகக் கேளுங்கள். பத்துப் பேர் முன்னால் கேட்டால் உண்மை வராது. பிரிய நேர்ந்தால் யார் காத்திருப்பது, எவ்வளவு நேரம், யார் உதவிக்குப் போவது என்று முன்னாலேயே முடிவு பண்ணுங்கள். ஒருவர் 'வேண்டாம்' என்று சொன்னால் அதைக் கேலி பண்ணுகிற முதல் வாயை நீங்களே அடக்குங்கள். திரும்பிப் போகிறவருக்குத் துணையாக ஒருவரை அனுப்புங்கள். பயணம் ஒரு நாள் தள்ளிப் போகலாம், போகட்டும்.

பின்னால் போகிறவர் என்றால், உங்கள் கடமை அதைவிடக் கஷ்டம். உங்களுக்கு விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். மௌனமாகத் தலையாட்டிவிட்டுப் பிறகு 'அவன்தான் இழுத்துக்கிட்டுப் போனான்' என்று சொல்வதும் நியாயம் ஆகாது. அபிமன்யு குறைந்தபட்சம் தனக்குத் தெரியாததை வாய்விட்டுச் சொன்னான். 'பயந்தாங்கொள்ளி' என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கும். அந்த வார்த்தையின் வலி ஒரு வாரத்தில் ஆறிவிடும்.

முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். என் உயிரைப் பணயம் வைக்க எனக்கு உரிமை உண்டா? இருக்கலாம். ஆனால் அந்தக் கயிற்றில் இன்னொருவர் இறங்கியிருந்தால், அதை இழுக்கும் உரிமை எனக்குத் தனியாகக் கிடையாது. அது கூட்டுச் சொத்து. அவர் வந்தது இஷ்டப்பட்டா என்று கேட்டால் மட்டும் போதாது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு நாம் இடம் கொடுத்தோமா என்றும் கேட்க வேண்டும்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் முகாம், மலையேற்றம் என்று ஏதாவது திட்டம் வந்தால், செலவுக் கணக்குக்கும் டீ-சட்டை நிறத்துக்கும் ஒதுக்குகிற நேரத்தில் ஒரு பத்து நிமிஷத்தை இதற்கு ஒதுக்குங்கள். இதுவரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிற அந்தத் தம்பியையோ தங்கையையோ பார்த்து, 'நீ என்னப்பா நினைக்கிறே?' என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும் வரை பொறுமையாக இருங்கள்.